மீன் பெட்டிகளில் ஆர்.எஃப்.ஐ.டி. டேக்: நம் கரைக்கு எது பொருந்தும்?

பாம்பன் வியாபாரி:

அனைவருக்கும் வணக்கம். தங்கச்சிமடம், பாம்பன் கரைகளில் நாட்டுப்படகுக்காரர்களிடம் நண்டும் கணவாயும் எடுத்து, ஐஸ் போட்டு, ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கு அனுப்பும் தொழிலில் இருக்கிறேன். முன்பெல்லாம் சரக்கின் தரத்தையும் எடையையும் மட்டும் பார்த்தவர்கள், இப்போது ஒவ்வொரு பெட்டியும் எந்தப் படகில் வந்தது, எந்தக் கரையில் இறங்கியது, எத்தனை மணிக்கு ஐஸ் போடப்பட்டது என்ற விவரங்களையும் கேட்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் கடலில் பிடிக்கும் மீனுக்கு 2010 முதல் பிடிப்புச் சான்றிதழ் கேட்கிறது. அமெரிக்காவும் 2018 முதல் இறால் உள்ளிட்ட சில இனங்களுக்குப் பிடித்த இடம் வரை விவரம் கேட்கிறது. வாங்குபவர் கம்பெனியைக் கேட்கிறார், கம்பெனி என்னைக் கேட்கிறது.

இப்போது அட்டையில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, பெட்டியின் கைப்பிடியில் கட்டி அனுப்புகிறோம். உறைக்குள் தண்ணீர் இறங்கினால் எழுத்து கரைந்துவிடுகிறது. க்யூஆர் குறியீடு அச்சடித்த ஸ்டிக்கர்களையும் ஒட்டிப் பார்த்தோம். கணவாய்ப் பெட்டி என்றால் அதன் மை வழிந்து ஸ்டிக்கரை மூடிவிடுகிறது. துடைக்கத் துடைக்க மை பரவுமே தவிரக் கறுப்புக் கட்டங்கள் கேமராவுக்குத் தெரிவதில்லை. ரேடியோ அலை வழியாகத் தன் எண்ணைச் சொல்லும் சிறு சில்லு பதித்த ஆர்.எஃப்.ஐ.டி. டேக் என்றால், அதைக் கண்ணால் பார்க்க வேண்டியதே இல்லை என்று கேள்விப்பட்டு, அதை விற்கும் ஒரு நிறுவனத்தாரை வரவழைத்துச் செய்துகாட்டச் சொன்னோம். பெயர் இங்கே வேண்டாம். வெறும் பெட்டிகளை அடுக்கித் தள்ளிக்கொண்டு போனபோது, டேக்கைப் படிக்கும் ரீடர் கருவி வைத்த வாசலைத் தாண்டிய நொடியில் எல்லா எண்களும் திரையில் வந்துவிட்டன. அதே பெட்டிகளில் நண்டும் ஐஸும் நிரப்பி லாரியில் அடுக்கிய பிறகு, ஓரத்துப் பெட்டிகள் மட்டுமே வந்தன. நடுவில் இருந்தவை வரவேயில்லை. இது டேக்கின் குறையா, வைத்த முறையின் குறையா, அல்லது இந்தத் தொழில்நுட்பமே நம் சரக்குக்கு ஒவ்வாததா என்பதை விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மின்னணு ஆசிரியர், இராமநாதபுரம்:

ஐயா, நீங்கள் கண்டதற்குக் காரணம் உப்புநீர். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் இதைப் புரிந்துகொண்டால் எதை வாங்குவது, எதைத் தவிர்ப்பது என்பதை நீங்களே முடிவு செய்துவிடலாம்.

உங்களுக்குக் காட்டப்பட்டது யு.எச்.எஃப். எனப்படும் மீயுயர் அலைவரிசை வகை. வண்டிக் கண்ணாடியில் ஒட்டும் ஃபாஸ்டேக்கும் இந்த வகைதான். இந்தியாவில் இதற்காக 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசை 2005-இல் உரிமம் தேவையில்லாததாக விடப்பட்டது. ஆன்டெனாவிலிருந்து வெளிப்படும் ஆற்றலுக்கு 4 வாட் உச்ச வரம்பு. டேக்குக்குள் பேட்டரி கிடையாது. ரீடரின் அலையிலிருந்தே மைக்ரோவாட் கணக்கில் மின்சாரத்தைத் திரட்டிக்கொண்டு சில்லு இயங்கத் தொடங்கி, தன்மேல் படும் அலையைத் திருப்பி அனுப்பும் அளவைக் கூட்டியும் குறைத்தும் தன் எண்ணைத் தெரிவிக்கிறது. திருப்பி அனுப்பப்படும் அலையைக் கொண்டே செய்தி சொல்லலாம் என்று ஹாரி ஸ்டாக்மன் 1948-லேயே எழுதியிருந்தார். சில்லுகள் சிறுத்து மலிவான பிறகே அது எல்லாத் தொழில்களுக்குள்ளும் வந்தது. நமக்கு முக்கியமானது என்னவென்றால், அலை டேக் வரை போகவும் வேண்டும், அங்கிருந்து திரும்பவும் வேண்டும். வழியில் எது உறிஞ்சினாலும் இழப்பு இரண்டு முறை.

கடல்நீரில் இந்த அலைவரிசை ஒரு சென்டிமீட்டர் ஆழம் போவதற்குள் ஆற்றலின் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. நண்டின் உடலும் கணவாயின் சதையும் அலையின் கணக்கில் உப்புநீர்தான். ஐஸின்மேல் பழி போடுபவர்கள் உண்டு. ஆனால் கெட்டியாக உறைந்த ஐஸ் இந்த அலையைப் பெரிதாகத் தடுப்பதில்லை. அது உருகி, மீனின் உப்போடு கலந்து பெட்டியின் அடியில் தேங்கும் தண்ணீரே உறிஞ்சுகிறது. அதனால்தான் கரையில் எவ்வளவு முயன்றும் படிக்காத பெட்டி, முழுவதும் உறைந்து −18 டிகிரிக் குளிர்கிடங்குக்குப் போன பிறகு முன்னைவிட எளிதாகப் படிக்கும். உங்கள் கையில் சரக்கு இருக்கும் நேரம், இந்த அலைக்கு மிகவும் பாதகமான நேரம்.

அதற்காக இதைக் கைவிட வேண்டியதில்லை. யு.எச்.எஃப். தான் வேண்டுமென்றால், டேக் பெட்டியின் மேல் விளிம்பில், சரக்கு நிரம்பும் மட்டத்துக்கு மேலே, பிளாஸ்டிக்குக்கும் சரக்குக்கும் இடையே காற்று இருக்கும்படி அமைய வேண்டும். லாரி நிறைய அடுக்கி ஒரே மூச்சில் படிக்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, ஒரு தள்ளுவண்டிக்கு ஒரே வரிசையாகப் படிக்க வேண்டும். உங்கள் அளவிலான தொழிலுக்கு நான் சொல்லுவது 13.56 மெகாஹெர்ட்ஸ் வகையை. அது காந்தப்புலத்தால் இயங்குவதால் ஈரத்தைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படாது. சில சென்டிமீட்டர் தூரத்தில் மட்டுமே படிக்கும், ஆனால் எடைத்தட்டில் பெட்டியை ஒவ்வொன்றாகத்தானே வைக்கிறீர்கள்? என்.எஃப்.சி. (கிட்டத்தில் வைத்துப் படிக்கும்) வசதி உள்ள கைப்பேசியே அதைப் படித்துவிடும், தனி ரீடர் வாங்க வேண்டியதில்லை. பித்தான் வடிவில் வார்த்த டேக்குகள் கிடைக்கின்றன. கைப்பிடிக்கு அருகே ரிவெட் அடித்துவிட்டால், மை வழிந்தாலும் தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது.

கீழக்கரை–துபாய்:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். துபாயில் சரக்குக் கிடங்கு ஒன்றில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சில செய்திகளைச் சேர்க்கிறேன். நம் ஊர்க்காரர்கள் அங்கே இறங்கிய நாள் முதல் இந்தத் தொழில்நுட்பத்தோடுதான் வாழ்கிறார்கள்: 2007 முதல் சாலைச் சுங்கத்துக்கு சாலிக் டேக், மெட்ரோவுக்கு நோல் அட்டை, வேலையிடக் கதவுக்கு ஓர் அட்டை. முன்னது ஆசிரியர் ஐயா சொன்ன மீயுயர் அலைவரிசையைச் சேர்ந்தது, பின்னவை கிட்டத்தில் காட்டிப் படிக்கும் வகையைச் சேர்ந்தவை.

கிடங்குத் தொழிலில் இதன் வரலாறு பாம்பன் வியாபாரி அண்ணனுக்கு உதவும் என்று நினைக்கிறேன். வால்மார்ட் நிறுவனம் 2003-இல், தன் முதன்மையான 100 சப்ளையர்கள் 2005 ஜனவரிக்குள் அட்டைப்பெட்டிகளிலும் சரக்குத் தட்டுகளிலும் டேக் ஒட்ட வேண்டும் என்று அறிவித்தது. நீர்மப் பொருட்களும் உலோக டப்பாக்களும் உள்ள பெட்டிகளில் அப்போது வந்த தொல்லை, உங்கள் லாரியில் நேர்ந்த அதே தொல்லைதான். மாறாகத் துணிக்கடைகளில் இது நன்றாக வேரூன்றிவிட்டது. துணி உலர்ந்தது, அலையைத் தடுக்காது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், சட்டை தைக்கப்படும் தொழிற்சாலையிலேயே டேக் தைக்கப்படுகிறது, விற்று முடியும் வரை அந்தச் சட்டையும் அந்த எண்ணும் பிரிவதே இல்லை என்பதாகும்.

மீன் பெட்டியில் நிலைமை வேறு. டேக் இருப்பது பெட்டியில், கணக்கு வேண்டியது நண்டுக்கு. பெட்டி காலையில் ஒருவருடைய நண்டைச் சுமக்கும், மாலையில் கழுவி வேறொருவருடைய கணவாயைச் சுமக்கும். ஆகவே இந்த எண் இப்போது இந்தப் படகின் சரக்கைக் குறிக்கிறது என்று யாரோ ஒருவர் கரையில் நின்று பதிய வேண்டும். அந்த ஒரு பதிவு பொய்யானால், அதற்குப் பின் தூத்துக்குடியிலும் கப்பலிலும் அயல்நாட்டுக் கிடங்கிலும் எத்தனை ரீடர்கள் எவ்வளவு துல்லியமாகப் படித்தாலும், அவை அனைத்தும் அந்தப் பொய்யையே துல்லியமாகச் சுமந்து செல்லும். எனவே எந்த டேக் என்பதைவிட, பெட்டியையும் சரக்கையும் முடிச்சுப் போடும் அந்த நிமிடத்தில் யார் இருப்பார், எதைக் கண்டு பதிவார் என்பதை முதலில் தீர்மானியுங்கள்.

தொண்டி நாட்டுப்படகு:

கீழக்கரைக் காக்கா சொன்ன இடத்திலிருந்தே தொடங்குகிறேன். முடிச்சுப் போடும் நிமிடத்தில் கரையில் நிற்பவர்கள் நாங்கள். ஆனால் இதுவரை இங்கே எழுதிய எவரும் அந்தப் பதிவில் எங்களுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்கவில்லை.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். எடை போடும்போது ஐஸ் தண்ணீருக்கென்று ஒரு கழிவு போகிறது. அது எவ்வளவு என்பது ஒவ்வொரு கரையிலும் ஒவ்வொரு வியாபாரிக்கும் மாறுகிறது, எங்கள் கையில் ஒரு துண்டுச் சீட்டு இருப்பதில்லை. வாரக் கடைசியில் கணக்கு முடிக்கும்போது அவர் நோட்டில் இருப்பதே எடை, அவர் சொல்வதே கழிவு. நாளை பெட்டிக்கு எண் வந்து, என் படகின் பெயர் வெளிநாட்டு வாங்குபவரின் திரை வரை போகுமானால், அதே எண்ணும் எடையும் என் கைக்கும் வர வேண்டும். அது இல்லாமல் என் விவரங்கள் மட்டும் மேலே போவது நியாயமில்லை.

இன்னொரு அச்சமும் எங்களிடம் பரவலாக இருக்கிறது. சில்லு வைத்துவிட்டால் நாங்கள் எந்த இடத்தில் வலை விரித்தோம், எல்லைக்கு எவ்வளவு கிட்டே போனோம் என்பதெல்லாம் பதிவாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பாக் நீரிணையில் தொழில் செய்பவனுக்கு அது சின்ன விஷயமில்லை என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அது உண்மையா என்பதை ஆசிரியர் ஐயா தெளிவாக எழுத வேண்டும்.

மின்னணு ஆசிரியர், இராமநாதபுரம்:

அது உண்மையில்லை. பேட்டரி இல்லாத ஆர்.எஃப்.ஐ.டி. டேக்குக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாது. ரீடர் ஒன்று அருகே வந்து அலை அனுப்பினால் ஓர் எண்ணைச் சொல்லும், அவ்வளவுதான். யு.எச்.எஃப். வகையே சில மீட்டர்கள் வரைதான் எட்டும், நான் பரிந்துரைத்த வகை கைப்பேசியைத் தொட்டாற்போல் வைத்தால்தான் பேசும். நடுக்கடலில் தொலைவிலிருந்து அதைப் படிக்க எவராலும் முடியாது. செயற்கைக்கோள் வழியாகப் படகின் இருப்பிடத்தைத் தெரிவிக்கும் டிரான்ஸ்பாண்டர் வேறு கருவி, அதற்கு மின்சாரமும் வானம் நோக்கிய ஆன்டெனாவும் தேவை. இரண்டையும் ஒன்றாகப் பேசுவதால் வரும் குழப்பம் இது. ஆனால் பிடித்த இடம் என்ற பத்தியில் வியாபாரி எதை எழுதுகிறார் என்பது சில்லைச் சார்ந்ததன்று, எழுதுபவரைச் சார்ந்தது. அதில் உங்கள் ஒப்புதல் வேண்டும் என்று நீங்கள் கேட்பது சரியே.

மன்னார் வளைகுடா மாணவி:

கடல் உயிரியல் படிக்கும் மாணவி நான். பெட்டியை விட்டுவிட்டு நண்டுக்கே டேக் போட்டால் காக்கா சொன்ன சிக்கல் தீருமே என்று யாருக்காவது தோன்றினால், அது நடக்காது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நண்டு வளர வளர ஓட்டைக் கழற்றுகிறது. ஓட்டில் ஒட்டியது எதுவானாலும் அடுத்த முறை ஓட்டோடு கடலடியில் கிடக்கும். மேலும், உண்ணும் பொருளுக்குள் கண்ணாடிக் குப்பியைச் செலுத்தி விற்பதை எந்த நாடும் ஏற்காது.

ஆனால் உயிரோடு வைத்துப் பேணும் உயிரினங்களுக்கு இந்தத் தொழில்நுட்பம் அளவற்ற நன்மை செய்திருக்கிறது. ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் நீளத்தில், அரிசி மணியைப் போன்ற கண்ணாடிக் குப்பிக்குள் சில்லும் கம்பிச்சுருளும் இருக்கும். அதை ஊசியால் உடலுக்குள் செலுத்துவார்கள். 134.2 கிலோஹெர்ட்ஸ் என்ற தாழ் அலைவரிசையில் அது இயங்குவதால் உப்புநீரும் சதையும் தடையாவதில்லை. ஆராய்ச்சியாளர்கள் கடலாமைகளின் தசையில் இதைச் செலுத்தி, அதே ஆமை ஆண்டுகள் கழித்து முட்டையிட வரும்போது அடையாளம் காண்கிறார்கள். வெளியே மாட்டும் உலோக வளையம் உப்பில் அரித்து விழுந்துவிடும், இது விழாது. மண்டபத்தில் உள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தில் 2010-இல் கடல் விரால் மீனை நாட்டிலேயே முதன்முறையாகக் குஞ்சு பொரிக்கச் செய்தார்கள். அப்படிப்பட்ட தாய்மீன் வளர்ப்பில் எந்த மீன் எப்போது முட்டையிட்டது, எதோடு எதைச் சேர்த்தோம் என்று பிரித்தறிய இத்தகைய சில்லுகளைச் செலுத்துவது உலகெங்கும் வழக்கம். பார்வைக்கு எல்லாத் தாய்மீன்களும் ஒரே மாதிரி இருக்கும் தொட்டியில், அந்த எண் இல்லாமல் வம்சக் கணக்கு வைக்கவே முடியாது.

நம் கரை கவனிக்க வேண்டிய மற்றொன்று வலை. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றியுள்ள கடல் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே பவளப்பாறைகளில் சிக்கி அறுந்த நைலான் வலைகள் மீனையும் ஆமையையும் ஆண்டுக்கணக்கில் கொன்றுகொண்டே இருக்கின்றன. மீன்பிடிக் கருவிகளுக்கு அடையாளம் இடுவது பற்றி ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பு 2018-இல் தன்னார்வ நெறிமுறைகளை ஏற்றுக்கொண்டது. மிதவைக் கயிற்றில் ஒரு சில்லு இருந்தால், கரை ஒதுங்கிய அல்லது மூழ்காளர்கள் வெட்டி எடுத்த வலை யாருடையது என்று அறிந்து திருப்பித் தர முடியும். காணாமல் போன வலையைக் கடலடியில் அது தேடித் தராது. தொண்டி அண்ணன் போன்றவர்கள் இதைத் தண்டனைக்கான வழியாகப் பார்க்காமல், இழந்த முதலைத் திரும்பப் பெறும் வழியாகப் பார்க்கும்படி விதிகள் அமைய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இராமேசுவரம் விசைப்படகு:

இடையில் ஒரு கேள்வி. கடலுக்குப் போக டோக்கன் வாங்கும் இடத்தில், படகுகள் வந்துபோவதை இந்த டேக் கொண்டு தானாகப் பதிய முடியுமா? இரும்பு இருந்தால் வேலை செய்யாது என்கிறார்களே.

மின்னணு ஆசிரியர், இராமநாதபுரம்:

முடியும். சாதாரண ஸ்டிக்கர் டேக்கை இரும்பின்மேல் நேராக ஒட்டினால்தான் படிக்காது. உலோகத்தின்மேல் பொருத்துவதற்கென்றே அடியில் தடுப்புப் படலம் வைத்த டேக்குகள் உள்ளன. ரயில்வேயின் கவச் பாதுகாப்பு அமைப்பில் தண்டவாளங்களுக்கு நடுவே டேக்குகளைப் பொருத்தி, மேலே ஓடும் எஞ்சின் தன் இருப்பிடத்தை அவற்றிலிருந்து அறிந்துகொள்கிறது. அவ்வளவு இரும்புக்கு நடுவே இயங்குவது, படகைச் செலுத்தும் அறையான வீல்ஹவுஸின் சுவரில் இயங்காதா? ஃபைபர் படகுகளில் இன்னும் எளிது. ஆனால் படகு ஜெட்டியில் எந்தப் பக்கம் அணையும் என்று சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் டேக் வேண்டும்.

பாம்பன் வியாபாரி:

அனைவருக்கும் மிக்க நன்றி. காக்கா எழுதியதையும் தொண்டி அண்ணன் எழுதியதையும் படித்த பிறகு, கம்பெனிக்காரர்களோடு உட்கார்ந்து பேசினேன். ஒரு சிக்கலை இங்கே மறைக்காமல் வைக்க வேண்டும். நண்டு பெட்டியிலேயே கடைசி வரை போவதில்லை. பல படகுகளின் நண்டு ஒன்றாக அவிக்கப்பட்டு, பெண்கள் உட்கார்ந்து சதையைப் பிரித்து, உடற்சதை, கால்சதை என்று தரம் பார்த்து வேறு வேறு தட்டுகளுக்குப் போகிறது. அவிக்கும் அண்டாவோடு பெட்டியின் எண் முடிந்துவிடுகிறது. ஒரு டின்னைக் கையில் எடுத்து இது இன்னாருடைய படகில் வந்த நண்டு என்று சொல்வது நேர்மையாக இயலாத காரியம். இந்த அண்டாவில் இன்னின்ன படகுகளின் நண்டு அவிக்கப்பட்டது என்று சொல்லலாம். வாங்குபவரிடமும் அப்படியே சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். கணவாய் அப்படியில்லை, பெரும்பாலும் முழுதாக உறைய வைப்பதால் பெட்டிக் கணக்கு நெடுந்தூரம் நிற்கும். எனவே கணவாயில் தொடங்கலாம் என்று எண்ணுகிறேன்.

ஆசிரியர் ஐயாவிடம் இரண்டு ஐயங்கள். படகின் பெயர், எடை, நேரம் எல்லாவற்றையும் சில்லுக்குள்ளேயே எழுதுவதா? ஒருவர் டேக்கைக் கழற்றி வேறு பெட்டியில் மாட்டிவிட்டால் என்ன செய்வது?

மின்னணு ஆசிரியர், இராமநாதபுரம்:

சில்லுக்குள் எதையும் எழுத வேண்டாம். தயாரிப்பிலேயே ஒவ்வொரு சில்லுக்கும் மாற்ற முடியாத ஓர் எண் உண்டு, அதுவே போதும். படகும் எடையும் நேரமும் உங்கள் கணக்கில், அந்த எண்ணுக்கு எதிரே இருக்கட்டும். சில்லில் எழுதினால் கைப்பேசி வைத்திருக்கும் எவரும் படிக்கலாம், பூட்டாமல் விட்டால் மாற்றியும் எழுதலாம். கழற்றி மாற்றுவதைத் தடுக்கப் பெட்டியின் பிளாஸ்டிக்கிலேயே வேறோர் எண்ணை எழுத்தில் பொறித்து, முதல் நாளே இரண்டையும் இணைத்துப் பதிந்துவிடுங்கள். டேக் பழுதானாலும் அந்த எண்ணைக் கண்ணால் படிக்கலாம்.

பெட்டியைக் கழுவி முடித்ததும் ஒரு முறை தொட்டு, பழைய கணக்கை மூட வேண்டும். இதைத் தவறவிட்டால் நேற்றைய படகின் பெயர் இன்றைய சரக்கில் ஒட்டிக்கொள்ளும்; நான் பார்த்த இடங்களில் அதிகம் நேர்ந்த பிழை இதுதான். எடையைக் கையால் தட்டச்சு செய்யாமல், மின்னணுத் தராசிலிருந்து நேரே கைப்பேசிக்கு வரும்படி அமைத்தால் தொண்டி அண்ணனின் குறைக்கும் பாதி வழி பிறக்கும். ஈரக் கையுறையோடு திரையைத் தட்டுவது கடினம், ஆகவே பெட்டியைத் தொட்டவுடன் தானே பதிந்து ஒலி எழுப்பும்படி செயலி இருக்க வேண்டும்.

தொண்டி நாட்டுப்படகு:

மீதிப் பாதி வழியையும் நான் கேட்கிறேன். பெட்டி எண், மொத்த எடை, கழிவு, நிகர எடை, நேரம் ஆகிய அனைத்தும் அச்சான சீட்டு, படகில் வந்தவர் கரையை விட்டுப் போகுமுன் அவர் கையில் இருக்க வேண்டும். எல்லாரிடமும் பெரிய கைப்பேசி இல்லை, குறுஞ்செய்தி மட்டும் போதாது.

பாம்பன் வியாபாரி:

ஒப்புக்கொள்கிறேன் அண்ணே. தராசோடு இணைக்கும் சிறிய அச்சுக் கருவியையும் விலைப்புள்ளியில் சேர்க்கச் சொல்லிவிட்டேன். கழிவு தனி வரியாகவே சீட்டில் வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் அப்போது கரையில் நெரிசல் குறைவு, நாட்டுப்படகுச் சரக்கு மட்டுமே வரும். அந்த நாட்களில் பாம்பனில் கணவாய்ப் பெட்டிகளை மட்டும் வைத்துத் தொடங்குகிறோம். ஆசிரியர் ஐயா ஒரு நாள் காலை எடை போடும் நேரத்தில் வந்து, கைப்பிடியில் எந்த இடத்தில் ரிவெட் அடிப்பது என்று பார்த்துச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

மின்னணு ஆசிரியர், இராமநாதபுரம்:

அவசியம் வருகிறேன். அதற்கு முன்பு பெட்டிகளில் எவருக்கும் ரிவெட் அடிக்க அனுமதிக்க வேண்டாம். சரக்கு நிரம்பிய பெட்டியில் படித்துப் பார்த்த பிறகே இடத்தை முடிவு செய்வோம்.